இலவச மின்னஞ்சலும் நமது முகவரியும்

பசுந்தாங் ஓடைக்கரையில் அரிசி ஆலைகள் வரிசையாக இயங்கிய காலத்தில், ரங்கூன் தமிழருக்கு ஊர்ச்செய்தி என்பது தபாற்காரர் கையில் வந்து சேர்வதாகும். கடல் கடந்து வந்த அக்கடிதங்களைப் படித்தபின் யாரும் எறிந்துவிடுவதில்லை. தகரப் பெட்டியிலோ, சுவாமி படத்தின் பின்புறத்திலோ அவை பத்திரமாக இருக்கும். 1964-ஆம் ஆண்டு கடைகளும் வணிக நிலையங்களும் அரசுடைமையான பிறகு, உறவினரில் ஒரு பகுதியினர் தமிழ்நாட்டிற்குப் போயினர். அப்படிப் போனவர்களுள் சிலர் பர்மாவுக்கே திரும்ப எண்ணி, மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே வரை வந்து அங்கேயே தங்கிவிட்டனர். ஒரு குடும்பம் மூன்று ஊர்களில் சிதறியது. அதன்பின் கடிதமே அக்குடும்பங்களைப் பிணைத்த கயிறு என்று கூறின் மிகையாகாது.

அந்தத் தகரப் பெட்டியின் இடத்தில் இன்று மின்னஞ்சற் பெட்டி இருக்கிறது. குசலம் விசாரிக்க வைபர் போதும் என்று இளைஞர் கூறலாம். ஆனால் இந்திய மின்விசாவின் அனுமதித்தாள், சென்னை மருத்துவமனையின் கடிதம், ஸ்கேன் அறிக்கை, பிள்ளைகளின் கல்லூரி அனுமதி, விமானச் சீட்டு ஆகிய முக்கியமான தாள்கள் யாவும் மின்னஞ்சல் வழியாகவே வருகின்றன. அந்தப் பெட்டி திறக்கவில்லை என்றால் காரியமே நின்றுவிடுகிறது.

ஒரு பெரியவரை எண்ணிக் கொள்வோம். அவர் இதய சிகிச்சைக்காக ஆண்டுதோறும் சென்னை சென்று வருபவர். இவ்வாண்டு செல்பேசி பழுதாகிவிட்டதால் புதியது வாங்குகிறார். மின்னஞ்சலைத் திறக்கக் கடவுச்சொல் கேட்கிறது. அவருக்குத் தெரியாது, ஏனெனில் அதை ஏற்படுத்திக் கொடுத்தவர் செல்பேசிக் கடைப் பையன். மறந்துவிட்டது என்று அழுத்தினால், பழைய சிம் கார்டின் எண்ணுக்குக் குறியீடு அனுப்பியிருப்பதாகப் பதில் வருகிறது. அந்த எண்ணோ எப்போதோ செயலற்றுப் போயிற்று. விசா அனுமதி, சென்ற ஆண்டு ஈ.சி.ஜி., மருந்துப் பட்டியல், காலமான மனைவி எழுதிய கடிதங்கள் அனைத்தும் உள்ளேதான் இருக்கின்றன. உரியவர் வாசலில் நிற்கிறார்; கதவு திறக்கவில்லை. முறையிட்டுக் கொள்ள ஒரு மனிதரும் அங்கே இல்லை.

இது ஒருவருடைய துன்பம் மட்டும் அன்று. இலவச மின்னஞ்சலை நம்பியிருக்கும் எந்த வீட்டிலும் இது நேரக்கூடும். நோய்க்கு மருந்து தேடுமுன் நோயின் மூலத்தை அறிவது முறையாதலின், இந்த இலவசம் எவ்வாறு வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

இலவசம் வந்த வரலாறு

ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்கு வலைத்தொடர்பு வழியே கடிதம் அனுப்பும் முறையை 1971-ல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் உருவாக்கினார். முகவரியின் நடுவே நிற்கும் 'அட்' குறியும் அவர் தேர்ந்தெடுத்ததே. நெடுங்காலம் மின்னஞ்சல் என்பது பல்கலைக்கழகமோ அலுவலகமோ, கட்டணம் பெறும் நிறுவனமோ தருவதாக இருந்தது. 1996 ஜூலை 4-ஆம் நாள் சபீர் பாட்டியா என்ற இந்தியரும் ஜாக் ஸ்மித் என்ற அமெரிக்கரும் ஹாட்மெயிலைத் தொடங்கினர். எந்த ஊரில் எந்தக் கணிப்பொறியின் முன் அமர்ந்தாலும், காசில்லாமல் தம் கடிதத்தைப் படிக்கலாம் என்பது அன்று பெரும் புதுமை. அடுத்த ஆண்டு இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. யாகூவும் ரெடிஃப்பும் அவ்வழியே வந்தன.

அந்நாட்களில் ஹாட்மெயில் தந்த இடம் 2 மெகாபைட் மட்டுமே. இன்றைய செல்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அது போதாது. முப்பது நாள் திறக்காமல் விட்டால் உள்ளிருந்த கடிதங்கள் அழிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் 1-ஆம் நாள் கூகிள் நிறுவனம் 1 கிகாபைட் இடத்துடன் ஜிமெயிலை அறிவித்தபோது, முட்டாள்கள் தின வேடிக்கை என்றே பலர் எண்ணினர். அது வேடிக்கையன்று. ஆனால் கடிதத்திலுள்ள சொற்களை இயந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்தது. இந்த வழக்கத்தைக் கைவிடுவதாகக் கூகிள் அறிவித்தது 2017-ல்தான்.

ஆகவே இலவசம் என்பது தருமம் அன்று. கொடுப்பவர் வேறொரு வகையில் விலை பெறுகிறார். இதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும் காசு கொடுக்காத நாம் அங்கே வாடிக்கையாளரும் அல்லோம், குடியிருப்பவரும் அல்லோம்; திண்ணையில் ஒதுங்கியவர்களே என்பதை மறத்தலாகாது.

பர்மாவில் நாம் பட்ட பாடு

மற்ற நாட்டவர் இலவச மின்னஞ்சலைத் தாராளமாகப் பயன்படுத்திய காலத்தில் இங்கு நிலைமை வேறாக இருந்தது. அரசின் அஞ்சல் தொலைத்தொடர்புத் துறையும் பாகன் சைபர்டெக் நிறுவனமும் தந்த கட்டணக் கணக்குகளே முறையான வழியாக இருந்தன. வெளிநாட்டு இலவசத் தளங்கள் தடுக்கப்பட்டன. ஓப்பன்நெட் இனிஷியேட்டிவ் என்னும் ஆய்வுக் குழு 2005-ல் சோதித்த மின்னஞ்சல் தளங்களில் மிகப் பெரும்பாலானவை இங்கு திறக்கவில்லை. 2006-ன் நடுவில் ஜிமெயிலும் அத்தடையில் சிக்கியது. இணையக் கடைகளில் மாற்றுவழித் தளங்களின் வாயிலாகச் சுற்றிச் சென்று, ஒரு கடிதத்தைத் திறக்க அரைமணி நேரம் காத்திருந்த அந்த நாட்களைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 2007 செப்டம்பர் இறுதியில் இணையத் தொடர்பே சில நாட்கள் அறவே நின்றுபோனது. 2011 செப்டம்பரில் பல தளங்களின் மீதிருந்த தடை நீங்கியது.

அதன்பின் வந்த மாற்றம் மிக விரைவானது. 2000-களில் ஆயிரம் டாலருக்கு மேல் விற்ற சிம் கார்டு, 2014-ல் வெளிநாட்டு நிறுவனங்கள் வந்தவுடன் 1,500 சாட்டுக்குக் கிடைத்தது. கணிப்பொறியையே தொட்டறியாதவர்கள் நேரே செல்பேசிக்கு வந்தனர். செல்பேசி விற்ற கடைக்காரரே மின்னஞ்சல் முகவரியையும் ஃபேஸ்புக் கணக்கையும் திறந்து கொடுத்தார். கடவுச்சொல்லும் அவர் வைத்ததே. தமக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்று இருப்பதையே அறியாமல் அதை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவர் நாட்டில் ஏராளம். மேலே கண்ட பெரியவரின் துன்பத்திற்கு வித்து அன்றே விழுந்துவிட்டது.

2021-க்குப் பின் இணையம் நிறுத்தப்படுவதும், தளங்கள் தடுக்கப்படுவதும், மின்வெட்டும் மீண்டும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. வி.பி.என். வழியாகச் சென்றவர்களுக்குப் புதிய தொல்லை ஒன்று வந்தது. காலையில் யாங்கோனிலிருந்தும் மாலையில் ஹாலந்திலிருந்தும் ஒருவரே நுழைவதைப் போல் மின்னஞ்சல் நிறுவனத்தின் இயந்திரத்திற்குத் தோன்றுகிறது. திருடன் என்று ஐயுற்று அது கதவை அடைத்துவிடுகிறது. 2025-ல் வெளியான இணையப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி வி.பி.என். அமைப்பதையும் அச்சேவை தருவதையும் தண்டனைக்குரியதாக்கியுள்ளமையால், அவ்வழியை நம்பி முக்கியமான காரியங்களை வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

ஐந்து வகைக் குறைகள்

குறைகளை வகைப்படுத்திப் பார்த்தால் ஐந்து என்று சொல்லலாம்.

முதலாவது, பெட்டி நிறைந்துபோவது. கூகிள் தரும் 15 கிகாபைட் இடம் கடிதங்களுக்கு மட்டும் உரியதன்று. 2021 ஜூன் முதல் புதிதாகச் சேமிக்கும் புகைப்படங்களும் அதே கணக்கில் சேருகின்றன. ஆண்ட்ராய்டு செல்பேசிகளின் வாட்ஸ்அப் நகலும் பின்னர் அதில் சேர்ந்தது. பேரன் காதுகுத்துப் படங்களும் தீமிதிக் காணொளிகளும் இடத்தை நிரப்பிவிட, மருத்துவமனைக் கடிதம் உள்ளே வர இடமின்றித் திரும்பிப் போகிறது.

இரண்டாவது, திறக்காவிடில் அழிவது. இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனியார் கணக்குகளைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியது. நோயில் கிடந்தவருக்கும் இறந்தவருக்கும் இவ்விதியில் விலக்கு இல்லை.

மூன்றாவது, முகவரி கைமாறுவது. ஓராண்டு திறக்காத முகவரிகளை வேறொருவருக்குத் தர 2013-ல் யாகூ முன்வந்தது. முன்னவருக்கு வரவேண்டிய சொந்தக் கடிதங்கள் புதியவருக்குப் போய்ச் சேர்ந்ததாக அவ்வாண்டே புகார்கள் எழுந்தன.

நான்காவது, களவு. 2013-ல் நடந்த ஊடுருவலில் யாகூவின் கணக்குகள் அனைத்துமே, அதாவது ஏறத்தாழ 300 கோடி, பாதிக்கப்பட்டன என்பதை 2017-ல்தான் உலகம் அறிந்தது. நான்கு ஆண்டுகள் கழித்துத் தெரிந்த களவுக்குப் பூட்டு மாற்றி என்ன பயன்?

ஐந்தாவது, நம்மவர் நன்கறிந்த எழுத்துத் தொல்லை. தமிழில் எழுதிய கடிதம் ஒரு காலத்தில் கேள்விக்குறிகளாகவும் கட்டங்களாகவும் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தமையே காரணம். யூனிகோடு பரவியபின் இக்குறை பெரிதும் தீர்ந்தது. பர்மிய மொழிக்கும் இதே துன்பம் இருந்தது. ஜாஜி எழுத்துருவை விட்டு இந்நாடு யூனிகோடுக்கு முறையாக மாறத் தொடங்கியது 2019 அக்டோபர் 1-ஆம் நாள். ஐந்து நோய்களுள் முற்றும் குணமாகும் நிலையில் உள்ளது இது ஒன்றே. எழுத்து முறையை அனைவருக்கும் பொதுவாக ஆக்கியதே அதற்கு மருந்தாயிற்று.

மாற்று வழிகள்

நல்ல மாற்று எது என்று கேட்போருக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தோன்றிய நிறுவனம் இன்று சோஹோ. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சைப் பகுதியைச் சேர்ந்தவர். சென்னையில் தலைமை அலுவலகமும் தென்காசி அருகே கிராமத்து அலுவலகமும் கொண்ட இந்நிறுவனம், 2008 முதல் மின்னஞ்சல் சேவை அளித்து வருகிறது. இந்திய மத்திய அரசு ஊழியர் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் இதன் தளத்திற்கு மாறியதாக 2025 அக்டோபரில் செய்திகள் வந்தன. கடிதங்களின் பக்கத்தில் விளம்பரம் இல்லை. சிறு குழுவினர் ஐந்து பேர் வரை தங்கள் சொந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொள்ள இலவசத் திட்டம் ஒன்றும் அளித்து வருகின்றனர். ஆனால் அத்திட்டத்தில் இணையதளம் வழியாகவோ அந்நிறுவனத்தின் செல்பேசிச் செயலி வழியாகவோ மட்டுமே கடிதம் படிக்க இயலும். கணிப்பொறியிலுள்ள அஞ்சல் செயலிகளுடன் இணைக்க இயலாது.

மற்றொன்று புரோட்டான் மெயில். ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் சந்தித்த விஞ்ஞானிகள் 2014-ல் தொடங்கியது. இதில் சேமித்த கடிதங்களை நிறுவனத்தாரே படிக்க இயலாதவாறு பூட்டி வைக்கின்றனர். நோயாளியின் அறிக்கை போன்ற அந்தரங்கத் தாள்களுக்கு இது ஏற்றது. எனினும் மருந்து வலிதானால் பக்கவிளைவும் உண்டு. மீட்பு வாசகத்தை எழுதி வைக்காமல் கடவுச்சொல்லை மறந்தால், புதிய கடவுச்சொல் பெற்றாலும் பழைய கடிதங்களை மீண்டும் படிக்க முடியாது.

இவை நல்ல சேவைகளே. ஆனால் இங்கும் ஒரு பாடம் உண்டு. 2018 செப்டம்பர் 24-ஆம் நாள் சோஹோவின் இணைய முகவரியே சில மணி நேரம் செயலிழந்தது. ஏமாற்று அஞ்சல்கள் பற்றிய புகார்களைக் காரணம் காட்டி, அம்முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்த வேறொரு நிறுவனம் அதை நிறுத்திவிட்டது. கோடிக்கணக்கான உபயோகிப்பாளர்கள் கடிதமின்றித் தவித்தனர். உலகெங்கும் கிளை பரப்பிய நிறுவனத்திற்கே முகவரி பிறர் கையில் இருந்தால் இக்கதி என்றால், நமது நிலையைக் கூறவும் வேண்டுமோ?

எனவே எந்த நிறுவனத்தின் பெட்டி சிறந்தது என்பது இரண்டாவது கேள்வி. முகவரி யாருடையது, நகல் எங்கே இருக்கிறது என்பவையே முதற் கேள்விகள். ஜிமெயிலை விட்டு யாகூவுக்கும், யாகூவை விட்டு வேறொன்றுக்கும் போவது ஒரு திண்ணையிலிருந்து மறு திண்ணைக்குப் போவதாகும்.

சொந்த இணையப்பெயர் ஒன்றைப் பதிவு செய்து கொள்ள ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 20 டாலர் செலவாகும். அந்தப் பெயரில் முகவரி வைத்துக்கொண்டால், சேவை பிடிக்காதபோது நிறுவனத்தை மாற்றலாம், முகவரி மாறாது. இங்கிருந்து வெளிநாட்டுக் கட்டணம் செலுத்துவது எளிதன்று ஆகையால், சென்னையிலோ சிங்கப்பூரிலோ உள்ள பிள்ளைகள் செலுத்தலாம். ஆனால் ஆண்டுக் கட்டணம் தவறினால் பெயர் பொதுவிற்பனைக்குப் போகும். வாங்குபவருக்கே கடிதங்களும் போகும். கட்ட வேண்டிய நாளைச் சுவர்க் காலண்டரில் குறித்து வைப்பது நன்று.

இன்றே செய்யத்தக்கவை

எல்லோருக்கும் சொந்தப் பெயர் தேவைப்படாது. இருக்கும் இலவசப் பெட்டியையே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

கடைக்காரர் வைத்த கடவுச்சொல்லை மாற்றி, புதியதை ஒரு நோட்டில் எழுதி, நகை, பத்திரம் இருக்கும் இடத்தில் வைக்கவேண்டும். கூகிள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுக் கொள்ளலாம். சிம் கார்டு தொலைந்தாலும், சென்னையில் பர்மா எண் வேலை செய்யாவிடினும், அந்தத் தாள் கதவைத் திறக்கும். ஒவ்வொரு குறியீடும் ஒருமுறைக்கே செல்லும்.

மீட்பு எண் இன்று கையிலுள்ள எண்தானா என்று பார்க்கவேண்டும். மகன் அல்லது மகளின் மின்னஞ்சலை மீட்பு முகவரியாகத் தருவது மேலும் நல்லது.

ஆண்டுக்கு இருமுறை நகல் எடுக்கவேண்டும். கூகிள் டேக்அவுட் என்னும் வசதியால் கடிதங்கள் அனைத்தையும் மொத்தமாக இறக்கிக் கொள்ளலாம். மொசில்லாவின் தண்டர்பேர்டு என்னும் இலவசச் செயலியைக் கணிப்பொறியில் வைத்து ஜிமெயிலை இணைத்தால், இறக்கி வைத்த கடிதங்களை இணையம் இல்லாத நாளிலும் படிக்கலாம். இந்த ஊரில் அது சிறிய நன்மையன்று. மருத்துவ அறிக்கை, விசா, பாஸ்போர்ட் ஆகியவற்றைக் காகிதத்திலும் அச்சிட்டு வைப்பது அவசியம்.

கூகிள் கணக்கு நெடுநாள் திறக்கப்படாவிடில் யாருக்குச் செய்தி சொல்லவேண்டும், எதைக் கொடுக்கவேண்டும் என்று முன்னரே குறித்து வைக்கும் வசதி 2013 முதல் இருக்கிறது. உயில் எழுதும் வயதினர் இதையும் செய்து வைத்தல் பிள்ளைகளுக்குச் செய்யும் உதவியாகும்.

இறுதியாக, சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. பல கோவில் சங்கங்களின் மின்னஞ்சல், எப்போதோ இருந்த செயலாளர் ஒருவரின் சொந்தப் பெட்டியாகவே இருக்கிறது. அவர் வெளிநாடு போனாலோ காலமானாலோ நன்கொடையாளர் பட்டியலும் பழைய கடிதத் தொடர்பும் அவருடனே போய்விடுகின்றன. எந்தக் கோவிலிலும் உண்டியல் சாவியை ஒருவரிடம் மட்டும் விட்டு வைப்பதில்லை. பலர் முன்னிலையில்தான் திறக்கிறோம். சங்கத்தின் அஞ்சற்பெட்டிக்கும் அவ்வொழுங்கு வேண்டும். சங்கத்தின் பெயரில் முகவரி, இருவருக்குத் தெரிந்த கடவுச்சொல், பெட்டகத்தில் முத்திரையிட்ட உறை, நிர்வாகம் மாறும்போது கணக்குப் புத்தகத்தோடு இவற்றையும் ஒப்படைத்தல் ஆகியவற்றைப் பொதுக்குழுவில் தீர்மானித்துக் கொள்ளலாம்.

அந்தப் பெரியவர் புதிய முகவரி ஒன்றைத் தொடங்கி, விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்துச் சென்னை போய்வர முடியும். ஈ.சி.ஜி.யை மீண்டும் எடுக்கலாம். மருந்துப் பட்டியலை மருத்துவரே மீண்டும் எழுதித் தருவார். மனைவியின் கடிதங்களை மட்டும் யாரும் மீண்டும் எழுதித் தர முடியாது. பாட்டனார் காலத்துத் தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தாலும் அதன் சாவி வீட்டில்தான் இருந்தது. நமது கடிதங்களின் சாவியும் வீட்டில் இருக்கட்டும். இந்த வாரமே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஒரு நகல் எடுத்து வைத்தல் ஒவ்வொரு குடும்பத்திற்கும் நலம் பயக்கும்.